உடையப்பன் பெயிலான கதை

மழை ஏமாற்றிய அந்த இரண்டாயிரத்து மூன்றாம் வருடத்தில், ஆத்தூர்ச் சுற்றுப்பட்டு ஊர்களில் 'பெயிலு' என்ற சொல் புழங்காத வீடு இல்லை. போர் போட வந்த வண்டி நாள் முழுக்க உறுமிவிட்டு வெள்ளைப் புழுதியை மட்டும் துப்பினால் போர் பெயிலு. பாவிய நாற்று கருகினால் வெள்ளாமை பெயிலு. மாட்டுக்குப் போட்ட சினை ஊசி நிற்காவிட்டால் ஊசி பெயிலு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட கருப்பம்மாளும், மாவு புளிக்காத அன்றைக்கு, "இன்னிக்கு இட்லி பெயிலு, கஞ்சி குடிச்சிட்டுப் போங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லுவாள். இங்கிலீசு என்று யாரும் அதை நினைத்ததில்லை. உப்பு, புளி மாதிரி அதுவும் ஒரு சாமான்.

அந்தச் சொல் தன் வீட்டுக்குள் இப்படி வந்து சம்மணம் போட்டு உட்காரும் என்று மட்டும் அவள் எதிர்பார்க்கவில்லை.

அவள் புருசன் உடையப்பனுக்கு ஊருக்கு மேற்கே ஒரு ஏக்கர் முருங்கை. அணையில் தண்ணீர் வற்றி நெல்லும் தென்னையும் தவித்த காலத்தில் முருங்கை மட்டும் அசராமல் நின்றது. விடிந்ததும் இருவரும் தோட்டத்துக்குப் போவார்கள். உடையப்பன் தொரட்டியால் காயை வளைத்து அறுக்க, அவள் கீழே நின்று பொறுக்கி, நீளம் பார்த்து அடுக்கி, வாழை நாரால் கட்டுவாள். வெயில் ஏறுமுன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகும் மினி லாரி ரோட்டில் வந்து ஹாரன் அடிக்கும்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, முருங்கைப்பூ வாசம் மூக்கில் ஏறியதும் அவளுக்குக் குமட்டியது. இத்தனை வருடமாக மூச்சோடு மூச்சாக இருந்த வாசம். வரப்பில் போய் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். முந்தின நாள் கருவாட்டுக் குழம்பின் வேலை என்று நினைத்தாள். மறுநாளும் எடுத்தாள். நாள் தள்ளிப் போயிருப்பது ஏற்கெனவே தெரியும். முப்பத்தேழு வயதில் சிலருக்கு அப்படி நிற்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளை பெற்ற உடம்பு, நிஜம் என்னவென்று அவளுக்கு முன்பே அறிந்து வைத்திருந்தது.

பயம் அப்போதுதான் வந்தது. உடையப்பன் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேசன் செய்துகொண்டவன்.

ஊரில் அது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. மகள் தமிழ்நிலா, மகன் மோகன்குமார் என்று இரண்டு பிறந்த பிறகு, கருப்பம்மாளுக்கு ஒன்று தங்காமல் போய் உடம்பு வெளுத்துப்போனது. ரத்தம் இல்லை, இவளுக்குக் கத்தி வைக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்தார்கள். "அப்ப எனக்கு வைங்க" என்று உடையப்பன் அங்கேயே சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான். சட்டையைக் கழற்ற வேண்டியதில்லை என்று நர்சம்மா ஜெஸ்ஸி சிரித்தபடி சொன்னதை அவளே ஊருக்குள் பரப்பியும் விட்டாள். ஆம்பிளை ஆபரேசன் பண்ணினால் பாரம் தூக்க முடியாது என்று டீக்கடையில் பேசினார்கள். இரண்டு மாதம் கழித்து அவன் டீக்கடை வழியாக நெல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு போனான். அதோடு அந்தப் பேச்சு ஓய்ந்தது.

ஆறு வருடம் முன்னால் நடந்தது அது. இப்போது வயிற்றில் இது. தன்மேல் குற்றமில்லை என்று உறுதியாகத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். வேறு சாட்சி கிடையாது.

ஜெஸ்ஸி திண்டுக்கல்லிலிருந்து வாரத்தில் சில நாள் மொபெட்டில் வரும் கிராமத்து நர்ஸ். சத்துணவுக் கூடத்துப் பக்கத்தில் ஒரு அறை அவளுடையது. சோதித்துப் பார்த்துவிட்டு, "கரு நின்னிருக்குக்கா" என்றாள்.

"அது எப்பிடி நர்சம்மா? அவுகளுக்குத்தான் ஆபரேசன் ஆயிருச்சே. நீங்கதான கூட்டிட்டுப் போனீக."

ஜெஸ்ஸி கொஞ்சம் யோசித்தாள். முகத்தில் சந்தேகம் எதுவும் இல்லை. "அப்பன்னா ஆபரேசன் பெயிலாயிருக்கு" என்றாள்.

"டாக்டர் பண்ணுனது கூடவா பெயிலாகும்?"

"ரொம்ப அபூர்வம். வெட்டிக் கட்டுன குழாய் சில பேருக்குத் தானாவே மறுபடியும் கூடிக்கிரும். வருசக்கணக்கா கழிச்சுக்கூட ஆகும். டாக்டர் மேலயும் தப்பில்ல, அண்ணன் மேலயும் தப்பில்ல, உங்க மேலயும் இல்ல."

கடைசியில் சொன்னதைக் கேட்டதும் கருப்பம்மாள் சேலை முந்தானையைத் திருக ஆரம்பித்தாள்.

"இத அவுககிட்ட எப்பிடிச் சொல்றது? பெயிலுன்னா அவுக பள்ளிக்கூடம்னு நெனைப்பாக. தமிழ்ல என்ன சொல்லணும்?"

"தமிழ்லயா? தோல்வின்னு சொல்லலாம்."

"தோல்வியா? அவுக என்ன எலக்சன்லயா நின்னாக?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியதும் ஜெஸ்ஸி, "பெயிலுன்னே சொல்லுங்கக்கா, புரியும்" என்றாள். பிள்ளை வேண்டாமென்றால் சீக்கிரம் முடிவெடுக்க வேண்டும் என்றும், அவள் உடம்பு இருக்கிற இருப்பில் அதுவும் லேசான காரியமில்லை என்றும் விவரமாகச் சொல்லி, சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினாள். தேவைப்பட்டால் தானே வந்து உடையப்பனிடம் பேசுவதாகவும் சொன்னாள். கருப்பம்மாள் வேண்டாம் என்றாள். இது தன் வாயால் சொல்ல வேண்டியது.

வழி நெடுக அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். ஆபரேசன் பெயிலு. ஆபரேசன் பெயிலாயிருச்சு. எப்படிச் சொன்னாலும் பொய் மாதிரியே காதில் விழுந்தது.

உடையப்பன் தோட்டத்தில் மிச்சக் காய்களைக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் எதிரில் நின்று சொன்னாள். ஒன்றையும் விடவில்லை, நர்சம்மா சொன்ன குழாய் விசயம் வரைக்கும் ஒரே மூச்சில் கொட்டினாள். அவன் கை நாரை முறுக்கிக்கொண்டே இருந்தது. அந்தக் கட்டை முடித்து ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"யாரு பெயிலு?"

"நீங்கதான்" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். வாய்க்காலில் கை கால் கழுவினான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தான். எங்கே போகிறான் என்று சொல்லவில்லை. செம்பட்டி ரோட்டில் சைக்கிள் மறைகிற வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைக்கக்கூட மனமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். அவன் தங்கை ஒச்சாயி வீட்டுக்குத்தான் போயிருப்பான், அங்கே வைத்துப் பேசி ஆள் கூட்டிக்கொண்டு வருவான் என்று தோன்றியது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பசி என்றார்கள். நார் அவிழ்ந்த காய்க்கட்டைப் போல மனம் கலைந்து கிடந்தது.

பொழுது சாயும் நேரம் சைக்கிள் வந்தது. ஹேண்டில்பாரில் மஞ்சப்பை. உடையப்பன் அதை அடுப்படியில் வைத்தான். வாழை இலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். கருஞ்சிவப்பாகச் சுவரொட்டி, ஆட்டின் மண்ணீரல். ரத்தம் ஊறுவதற்கென்று பிள்ளை பெற்றவர்களுக்குச் சுட்டுக் கொடுக்கிற கறி.

"செம்பட்டியில இல்ல. சின்னாளபட்டி வரைக்கும் போக வேண்டியதாப் போச்சு" என்றான். "உப்பும் மெளகும் தடவிச் சுடு. புள்ளைகளுக்குக் குடுத்துறாத, அம்புட்டையும் நீயே திங்கணும். ரத்தம் வேணும்ல."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். புகை அடிக்காமலே கண் கரித்தது. அன்றைக்குக் கம்பஞ்சோற்றுக்கு அதுதான் வெஞ்சனம். அவள் சாப்பிட்டு முடிக்கிறவரை அவன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான்.

பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்று அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் பேசவில்லை.

தமிழ்நிலாவுக்குத்தான் தாங்கவில்லை. பத்தாவது படிக்கிற பிள்ளை. கூடப் படிக்கிறவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு வாரம் அம்மாவிடம் முகம் கொடுக்கவில்லை. எட்டாம் நாள் கருப்பம்மாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போகையில் வந்து பிடுங்கிக்கொண்டாள். "பெயிலாகாம படி, பெயிலாகாம படின்னு என்னைய உசுர வாங்கிட்டு, நீங்க ரெண்டு பேரும் பெயிலாயி உக்காந்திருக்கீங்க" என்றாள். கருப்பம்மாள் சிரித்த சிரிப்பில் மகளுக்கும் சிரிப்பு வந்தது.

ஒச்சாயி வந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான். தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டதால் அவளை உடையப்பன்தான் வளர்த்துச் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் பேச்சிமுத்துக்குக் கட்டிக்கொடுத்திருந்தான். அவள் மகள் புவனேஸ்வரி வயதுக்கு வந்திருந்தாள். ஐப்பசியில் சடங்கு, தாய்மாமன் சீர் கொண்டு வர வேண்டும் என்று அழைக்க வந்தவள், மதினியின் வயிற்றைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள். காப்பி குடிக்கவில்லை. அண்ணனை வாசலுக்குக் கூட்டிப்போனாள். ஓட்டு வீட்டில் வாசலில் பேசுவது அடுப்படிக்குக் கேட்கும்.

"நீ ஆபரேசன் பண்ணுனவந்தான அண்ணே? அப்ப இது என்ன கணக்கு?"

அவன் விவரம் சொன்னான். அவள் நம்பவில்லை. சொல்லுகிறவர் சொன்னால் அண்ணன் எதையும் நம்பி விடுவார் என்றும், அங்கே சம்பந்தக்காரர்கள் நூறு பேர் கூடுகிற இடத்தில் பேச்சு வந்தால் தன் மகளுக்குத்தான் கேவலம் என்றும் சொன்னாள். "சீரோட நீ வந்தாப் போதும். மதினிக்கு உடம்பு சரியில்லன்னு நான் சொல்லிக்கிறேன்."

அவள் போன பிறகு, தான் வரவில்லை, அவன் மட்டும் போய் வரட்டும் என்று கருப்பம்மாள் சொன்னாள். மாமன் சீர் நின்றுபோகக் கூடாது. உடையப்பன் தொரட்டியின் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

சடங்கன்று காலையில் வாசலில் வேன் நின்றது. சீர்த் தட்டுகள் ஏறின: பட்டுச் சேலை, ரோசாப்பூ மாலை, தேங்காய், பழம், உளுந்து, ஒரு குடம் நல்லெண்ணெய். கடைசியாக உடையப்பன் ஒரு புதுச் சேலையை மனைவி கையில் கொடுத்தான். சின்னாளபட்டிச் சுங்குடி, பாக்கு நிறம்.

"கெளம்பு."

"நான் எதுக்குங்க. ஒச்சாயி சொன்னது எனக்கும் கேட்டுச்சு."

"எனக்கும்தான் கேட்டுச்சு. கெளம்பு, நேரமாச்சு."

பந்தலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வேனை நிறுத்தி, கொட்டு முழங்கச் சீர் நடந்து போனது. ஒலிபெருக்கிப் புனலில் பாட்டு அலறியது. முன்னால் உடையப்பன் மாலைத் தட்டோடு. பக்கத்தில் கருப்பம்மாள், வயிறு தெரியாமல் இருக்க முந்தானையை இழுத்து இழுத்து விட்டபடி. பந்தலுக்குள் பெண்கள் ஒருவர் காதில் ஒருவர் குனிவது அவளுக்குத் தெரிந்தது.

மணையில் புவனேஸ்வரியை உட்கார வைத்திருந்தார்கள். தாய்மாமன் பெண்டாட்டிதான் முதல் சொம்பு மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். கருப்பம்மாள் சொம்புக்குக் கை நீட்டியபோது ஒச்சாயி அதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். மாசமாக இருப்பவர்கள் ஊற்றக்கூடாதாம், வேறு யாராவது ஊற்றட்டும் என்றாள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "ஆபரேசன் பண்ணுனவர் வீட்டுல இது எப்பிடி மாசமாச்சோ" என்றது. கிசுகிசுத்த சிரிப்பு.

நீட்டிய கை அப்படியே நின்றது கருப்பம்மாளுக்கு.

உடையப்பன் மாலைத் தட்டைக் கீழே வைத்தான். பாட்டை நிறுத்தச் சொன்னான். நாலு பேருக்கு முன்னால் பேசிப் பழகாத ஆள். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது.

"எல்லாரும் செத்த கேளுங்க. நான் ஆபரேசன் பண்ணுனது உங்க அம்புட்டுப் பேருக்கும் தெரியும். அந்த ஆபரேசன் பெயிலு. பெயிலானது நான். எம் பொண்டாட்டி எதுலயும் பெயிலாகல. அவ ஊத்துனா மாமன் மால போடுவான். இல்லன்னா சீரு வந்த வேன்லயே திரும்பிப் போகும்."

கொட்டுக்காரர்கள்கூடக் குச்சியை இறக்கிவிட்டார்கள். பேச்சிமுத்துவின் சித்தப்பா சடையாண்டி, காது மந்தமான பெரியவர், முன்வரிசை நாற்காலியிலிருந்து கையைக் காதில் குவித்தார்.

"என்ன பெயிலுங்கிறாரு? போரா?"

"போரு இல்ல சித்தப்பா, ஆபரேசன்" என்றான் பேச்சிமுத்து அவர் காதருகே சத்தமாக.

"ஆபரேசன் பெயிலானா ஆளு போயிருமே. இவரு கல்லுக்குண்டாட்டம் நிக்காரே."

"அது வேற ஆபரேசன். புள்ள பொறக்காம இருக்கப் பண்ணுறது."

பெரியவர் கருப்பம்மாளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு உடையப்பனைப் பார்த்தார். "அப்ப புள்ள உண்டாயிருக்காக்கும்?"

"ஆமா."

"அப்பறம் எப்பிடிய்யா பெயிலுங்கிறீங்க? அதான் தண்ணி வந்துருச்சுல்ல."

பந்தல் ஒரு கணம் திகைத்து, பிறகு கூரை அதிரச் சிரித்தது. பெரியவர் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தார். பேச்சிமுத்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எனக்கு மூணு போரும் பெயிலு. முன்னூறு அடிக்குப் போயும் புழுதிதான். மச்சானுக்கு மூடி வச்ச போர்ல தண்ணி" என்றான். முருங்கைத் தோட்டக்காரருக்கு எந்த ஆபரேசன் நிற்கும் என்று இன்னொருவன் கேட்டான். சமையல்காரர் அடுப்பை விட்டு வந்து என்ன விசயம் என்று விசாரித்தார். உடையப்பனும் சிரித்துவிட்டான். காது மடல் வரைக்கும் சிவந்திருந்தது. பின்வரிசைக் குரலும் அந்தச் சிரிப்புக்குள்ளேயே கரைந்து போயிற்று. இனி ரகசியமாகப் பேச அதில் ஒன்றும் மிச்சமில்லை.

ஒச்சாயி முதலில் முந்தானைக்குள் சிரித்தாள். பிறகு அழுதாள். சொம்பை எடுத்து வந்து, "மதினி, நீங்களே ஊத்துங்க" என்றாள்.

கருப்பம்மாள் உடனே வாங்கவில்லை. "ஊத்துறேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்க ஒச்சாயி. இனிமே என்னையப் பத்திக் கேக்கணும்னா என்கிட்டக் கேளு. வாசலுக்குக் கூட்டிட்டுப் போயி உங்க அண்ணன்கிட்டக் கேக்காத."

ஒச்சாயி தலையை ஆட்டினாள். சொம்பு கை மாறியது. மஞ்சள் தண்ணீர் விழுந்ததும் புவனேஸ்வரி, சில்லென்று இருக்கிறது அத்தை என்று நெளிந்தாள். கொட்டு மறுபடி முழங்கியது. அன்றைக்குச் சாப்பாட்டுப் பந்தியில் பிரியாணியைக் கரண்டி கரண்டியாக மதினி இலையில் போட்டுக்கொண்டே இருந்தாள் ஒச்சாயி. சாப்பிட முடியாமல் இலையை மறைத்தபோது, ரெண்டு உசுருக்குச் சாப்பிட வேண்டும் என்று அதட்டினாள்.

திரும்பும் வழியில் வேனில் மற்றவர்கள் அசந்து தூங்கினார்கள். "உங்களுக்கு ஒரு தடவகூட என்மேல சந்தேகம் தோணலயா?" என்று கருப்பம்மாள் மெல்லக் கேட்டாள்.

அவன் பொய் சொல்லவில்லை. "தோணுச்சு. அன்னிக்குச் செம்பட்டி ரோட்டுல, வளைவு வரைக்கும் தோணுச்சு. அப்பறம் நீ நின்ன மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. மார்க்குச் சீட்டக் கொண்டுக்கிட்டு அப்பன் முன்னாடி புள்ளைக வந்து நிக்கும்ல, அப்பிடி நின்ன. மறைக்கிறவ அப்பிடி நிக்க மாட்டா."

அந்த வளைவு வரைக்குமான தூரத்தை அவனுக்கு மன்னித்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

மாசியில் பெண் பிறந்தது. சுகப்பிரசவம்தான்; ஒச்சாயி வந்து மூன்று வாரம் தங்கி மருந்து இடித்துக் கொடுத்தாள். முத்தரசி என்று பேர் வைத்தார்கள். டீக்கடையில் மட்டும், "பெயிலு எப்பிடி இருக்கு உடையப்பா?" என்று கேட்டார்கள். கொழுகொழுன்னு இருக்கு என்று அவனும் பதில் சொன்னான். பத்தாவதில் தமிழ்நிலா நல்ல மார்க் வாங்கியபோது, வீட்டில் ஒருத்தராவது பாஸானதே என்று அவனே எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தான்.

குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் வந்தபோது ஜெஸ்ஸி தயங்கித் தயங்கி வந்து நின்றாள். கருப்பம்மாளுக்கு இப்போதும் கத்தி வைக்க முடியாது, அண்ணன் இன்னொரு தடவை வருவாரா என்று கேட்டாள். உடையப்பன் யோசிக்கவே இல்லை. "பெயிலானவன் மறுபடி எழுதித்தான ஆகணும் நர்சம்மா" என்றான்.

முகாமன்று காலை, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கருப்பம்மாள் பஸ் நிறுத்தம் வரைக்கும் போனாள். அங்கே புளியமரத்தடியில் பேச்சிமுத்து நின்றுகொண்டிருந்தான், தலையில் முக்காடு மாதிரித் துண்டைப் போட்டுக்கொண்டு.

"என்ன மாப்ள, இம்புட்டு வெள்ளன?"

பேச்சிமுத்து அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டான். "நானும் உங்ககூட வாரேன் மச்சான். ஒச்சாயிய அனுப்பலாம்னுதான் இருந்தேன். எங்க அண்ணன் ரெண்டாந்தடவ போறாரு, நீங்க ஒரு தடவ போகமாட்டீகளான்னு கேட்டுட்டா."

"பயமா இருக்கா?"

"பயந்தான். பெயிலாயிட்டா?"

"ஆனா ஆயிட்டுப் போகுது. எப்பிடிச் சொல்லணும்னு நான் சொல்லித் தாரேன்" என்று உடையப்பன் அவன் தலைத் துண்டை உருவித் தோளில் போட்டுவிட்டான்.

திண்டுக்கல் பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. இரண்டு பேரும் ஏறி ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள். உடையப்பன் ஜன்னலோரத்தை மாப்பிள்ளைக்கு விட்டுக் கொடுத்தான். பரீட்சைக்குப் போகிற பையன்களைப் போல இருவரும் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கருப்பம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முத்தரசியின் கையைப் பிடித்து, பஸ் நகர்கிற வரைக்கும் ஆட்டிக் காட்டிக்கொண்டே இருந்தாள்.